வீட்டு எண் பதினாலு, ஓட்டு ரெண்டு

சிரிக்காதீங்கம்மா. எல்லாரும் அந்தப் போட்டோவைப் பாத்துட்டுத்தான் சிரிக்கறாங்க. ஓட்டர் லிஸ்ட்ல வயசு அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு, படத்துல ரெட்டை ஜடை போட்ட பொண்ணு இருக்கேன்னு. பன்னெண்டாங் கிளாஸ் ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம் அது. வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான், அதைக் குடுத்தேன். குடுத்தப்போ வாங்கிக்கிட்டாங்க இல்ல? அப்புறம் என்ன.

என்னது, குமுதவல்லி பேரை எடுக்கணுமா? அதுக்குத்தான் இந்த வெயில்ல வந்தீங்களா? எடுக்க முடியாது. அவ என் பொண்ணு, இந்த வீட்டு ஓட்டர். நான் கையெழுத்துப் போடமாட்டேன். உட்காருங்க, அந்த நாற்காலி ஆடாது, அதுல உட்காருங்க. ஏன் போடமாட்டேன்னு சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் உங்க படிவத்தை வெளிய எடுங்க.

நானும் இந்த வேலை பாத்தவன்தான். வேதாசலம் வாத்தியார்னு நெடும்பாக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. இருபத்தேழு வருஷம் வீடு வீடாப் போய் வாக்காளர் பட்டியல் எழுதினேன். உங்களுக்கு போன்ல எல்லாம் வருது. எங்களுக்கு ஒரு பரீட்சை அட்டை, கார்பன் பேப்பர், ஒரு பேனா. நாய் கடிச்சா ஊசி நம்ம செலவுல. நீங்க அங்கன்வாடியும் பாத்துக்கிட்டு இதையும் பாக்கறீங்க, கஷ்டம்தான், தெரியும். தெரிஞ்சுதான் பேசறேன்.

எங்க தாத்தா காலத்துல இந்த ஊர்ல மொத்தம் பதிமூணு பேருக்குத்தான் ஓட்டு. வெள்ளைக்காரன் ஆட்சி. நிலவரி கட்டறவனுக்குத்தான் ஓட்டு, மத்தவன் வேடிக்கை பாக்கலாம். அப்புறம் அரசியல் சட்டம் வந்துச்சு, இருபத்தொரு வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டுன்னாங்க. அம்பத்திரெண்டுல தாத்தா வரிசையில நின்னாரு. அவருக்கு முன்னாடி நின்னவன் அவர்கிட்ட பண்ணையாளா இருந்தவன். தாத்தா வீட்டுக்கு வந்து அன்னைக்குச் சாப்பிடலை. எனக்குப் பத்து வயசு, நான் சிரிச்சேன். எண்பத்தொம்பதுல அறுபத்தொண்ணாவது திருத்தம், பதினெட்டு ஆனாலே ஓட்டுன்னாங்க. அதோட விட்டாங்களா? தொண்ணூத்திமூணுல இன்னொரு திருத்தம், பஞ்சாயத்துல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்களுக்கு. அப்புறம் அதையும் பாதின்னு ஆக்கிட்டாங்க.

நான் எதையும் தப்புன்னு சொல்லலை. ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொடியேத்திட்டு இதையெல்லாம் பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொன்னவனே நான்தான். ஆனா ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஊர்ல மத்த வீட்டுக்கெல்லாம் ஏதோ வருதும்மா, என் வீட்டுல இருந்து மட்டும் ஏதோ ஒண்ணு போகுது. அறுபத்தொண்ணாவது திருத்தம் என் பொண்ணைக் கொண்டுபோயிடுச்சு. பாருங்க, மறுபடியும் சிரிக்கறீங்க.

குமுதவல்லிக்கு மூணு வயசு இருக்கும்போது அவ அம்மா போயிட்டா. மஞ்சக்காமாலை. வீட்டுல வேற பொம்பளை கிடையாது. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கன்னு சொந்தக்காரங்க ஒத்தக் கால்ல நின்னாங்க, நான் மாட்டேன்னுட்டேன். பிள்ளையை எங்க விடறது? ஸ்கூலுக்கே தூக்கிட்டுப் போனேன். சும்மா உட்கார வைக்கறதுக்கு ஒண்ணாங் கிளாஸ்ல சேத்தே விட்டுடலாம்னு சேத்துட்டேன். அஞ்சு வயசு ஆகியிருக்கணும்னு விதி. அவ நெசமாப் பொறந்தது எழுபத்தொண்ணு ஐப்பசி. நான் எழுதினது 1-6-1970. அவ்வளவுதான் விஷயம். வகுப்புல என்னை 'சார்'னுதான் கூப்பிடணும்னு சொல்லி வச்சிருந்தேன், அப்படியே கூப்பிடுவா. மணியடிச்சு வெளிய வந்ததும் 'அப்பா, தூக்கு'ன்னு நிப்பா.

இதைப் பொய்னு சொல்லாதீங்க. அப்ப யார் வீட்டுலயும் பிறந்த தேதி எழுதி வைக்கலை. வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொட்டா அஞ்சு வயசு. தொட்டுட்டான்னா ஜூன் மாசத்துல ஒரு தேதியைப் போடுவோம். இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேர் ஜூன்ல பொறந்தவங்க, எல்லாம் நான் பொறக்க வச்சது. காலனிப் பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் குறைச்சே எழுதுவேன். பின்னாடி அரசாங்க வேலை கிடைச்சா ரெண்டு வருஷம் கூட இருந்து சம்பளம் வாங்கட்டுமேன்னு. யாரும் கேக்கலை, நானாச் செஞ்ச உபகாரம். அதுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதையைச் சொல்றேன் கேளுங்க.

எண்பத்தொம்பதுல திருத்தம் வந்ததும் புதுசா பதினெட்டு ஆனவங்களைச் சேக்கணும்னு உத்தரவு. எல்லாத்துக்கும் முன்னாடி என் வீட்டைத்தான் எழுதினேன். வீட்டு எண் பதினாலு. வேதாசலம், வயசு நாப்பத்தேழு. குமுதவல்லி, தந்தை பெயர் வேதாசலம், வயசு பதினெட்டு. காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிச்சிட்டிருந்தா. பட்டியல்ல பேரைக் காட்டி, 'பாரு, இந்த ஊர்லயே முதல் பதினெட்டு வயசு ஓட்டர் நீதான்'னேன். அவளுக்கும் சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா உடனே ஒண்ணு கேட்டா. 'காலனியில யார் யாரைப்பா சேத்தீங்க?'

நான் யாரையும் சேக்கலை. சேக்கக்கூடாதுன்னு இல்லம்மா. ஸ்கூல் ரிஜிஸ்டரைப் பாத்தேன், எல்லாம் பதினாறு, பதினேழு. ரிஜிஸ்டர் என்ன சொல்லுதோ அதைத்தானே எழுத முடியும்? நான் என்ன சாதி பாத்தா எழுதினேன்? சாதி பாக்கறவனா இருந்தா அந்தத் தெருவுக்குள்ள போயிருக்கவே மாட்டேனே. தெருமுனை வரைக்கும் போனேன். அங்க இருந்தே கூப்பிட்டு விசாரிச்சேன்.

தனசீலன்னு ஒருத்தன். காலனிப் பையன், என்கிட்ட படிச்சவன், ஐ.டி.ஐ. முடிச்சிட்டு மோட்டார் ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தான். அவனுக்கு அப்பவே இருபத்திமூணு, அவன் ஏற்கெனவே ஓட்டர். பதினோரு பேருக்கு விண்ணப்பம் குடுக்கணும்னு வாசல்ல வந்து நின்னான். 'சார், இவங்களை ஸ்கூல்ல சேக்கும்போது நீங்கதான் வயசைக் குறைச்சுப் போட்டீங்க. நெசத்துல பதினெட்டு, பத்தொம்பது ஆகுது. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும்.' எப்படிப் பேசறான் பாருங்க. நான் போட்ட வயசு தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணுமாம். 'ரிஜிஸ்டர்ல இருக்கறதுதான்டா வயசு, போ'ன்னேன். போனான். சத்தம் எதுவும் போடலை. சத்தம் போடாதவங்களைத்தான் நாம கவனிக்கணும், எனக்கு அது அப்ப தெரியலை.

பத்து நாள் கழிச்சு தாலுகா ஆபீஸ்ல தேர்தல் துணை தாசில்தார் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்தாரு. 'வேதாசலம் சார், உங்க காலனி விண்ணப்பம் மாதிரி சுத்தமா எதுவுமே வரலை. அப்பா அம்மா உறுதிமொழி, தடுப்பூசி அட்டை, எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கீங்க. ஒம்பது பேரை ஏத்துக்கிட்டோம். ரெண்டு பேருக்குத்தான் அத்தாட்சி பத்தலை'ன்னாரு. படிவத்தை வாங்கிப் பாத்தேன். பதினோரு படிவமும் என் கையெழுத்து. மேல கொம்பு போடறது, கீழ சுழிக்கறது, எல்லாம் நான் எழுதற மாதிரியே இருக்கு. ஆனா நான் எழுதலை. என்னை மாதிரி எழுதறவ இந்த உலகத்துல ஒருத்திதான், விரலைப் புடிச்சு நான் எழுதிப் பழக்கினவ. காலேஜ் ரெக்கார்டு நோட்டு எழுதறான்னு நினைச்சு ஒரு வாரமா அவளுக்குப் பால் காய்ச்சி வச்சது நான்.

அந்த அதிகாரிகிட்ட என்னன்னு சொல்றது? நான் எழுதலைன்னா அவ மாட்டுவா. பேசாம டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு அடி அடிச்சேன். பெருசா ஒண்ணும் இல்லை. 'அவங்களுக்கும் என் வயசுதானேப்பா'ன்னா. 'உன் வயசு என்னன்னு உனக்குத் தெரியுமா? உனக்கு இன்னும் பதினெட்டே ஆகலை. நான் போட்ட வயசுலதான் நீ நிக்கற'ன்னேன். அவ கன்னத்தைத் தேய்ச்சுக்கிட்டு, எனக்குச் சாப்பாடு போட்டா.

ஆவணி மாசம் போயிட்டா. தனசீலனோடதான். விண்ணப்பத்துல ஆரம்பிச்சது அங்க போய் நின்னிருக்கு, எனக்கு எங்க தெரியும். சர்ட்டிபிகேட்டை மட்டும் எடுத்துக்கிட்டா. ஒரு நகை எடுக்கலை, அதையும் சொல்லிடணும்.

ஸ்டேஷனுக்குப் போனேன். மைனர் பொண்ணைக் கடத்திட்டான்னு எழுதிக் குடுத்தேன். அத்தாட்சிக்கு அவ ஜாதகம். எழுபத்தொண்ணு ஐப்பசி, சுவாதி நட்சத்திரம், எல்லாம் இருக்கு. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன்தான். ஜாதகத்தைப் படிச்சாரு. அப்புறம் மேசை டிராயர்ல இருந்து ரெண்டு காகிதம் எடுத்தாரு. பதிவுத் திருமணம் பண்ண இடத்துல இருந்து வந்த நகல். ஒண்ணு டி.சி., இன்னொண்ணு வாக்காளர் பட்டியல்.

'சார், இந்த டி.சி.யில பிறந்த தேதி எழுதினது யாரு?'

'நான்தான்.'

'இந்தப் பட்டியல்ல பதினெட்டுன்னு எழுதினது?'

'நான்தான்.'

'சரி. இது ரெண்டும் பொய்யி, ஜாதகம்தான் நெசம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பொண்ணு மைனர்தான், சாயந்திரத்துக்குள்ள பையனைத் தூக்கிட்டு வந்து உள்ள வைக்கறேன். ஆனா அரசாங்க ரிஜிஸ்டர்ல பொய் எழுதின வாத்தியார் மேலயும் கேஸ் போட்டாகணும். யோசிச்சுச் சொல்லுங்க. நெசமாப் பாத்தாலும் ரெண்டு மாசம்தான் குறையுது. தீபாவளி தாண்டினா மேஜர்.'

யோசிச்சேன். வெளிய வேப்பமரத்தடியில ஒரு மணி நேரம் நின்னு யோசிச்சேன். எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருந்துச்சு. வேலைக்குப் பயந்தேன்னு நினைச்சுக்காதீங்க. நான் ஒரு தேதி பொய்னு சொன்னா, அப்ப ஊர்ல மத்த பிள்ளைங்க தேதியெல்லாம் என்ன ஆகறது? அத்தனை பேர் வாழ்க்கை என் கையெழுத்துல இருக்கு. ஊருக்காகத்தான் புகாரைத் திருப்பி வாங்கினேன். அந்தக் காகிதத்தை அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.

பதினெட்டுன்னு அந்தத் திருத்தம் வராம இருந்திருந்தா பட்டியல்ல அவ பேரே இருந்திருக்காது. காலனிக்குப் படிவம் வந்திருக்காது. அவ உட்கார்ந்து எழுதியிருக்கமாட்டா. இப்பவாவது புரியுதா நான் சொல்றது? என்ன? டி.சி.யா? கல்யாணத்துக்கு டி.சி. ஒண்ணே போதுமா? ஆமா, போதும். போதும்தான். அதைச் சொல்ல வேண்டாம்.

அடுத்த வருஷம் பட்டியல் திருத்தம் வந்துச்சு. வீட்டு எண் பதினாலு எழுதினேன். ரெண்டு பேரையும் எழுதினேன். நான் ரிட்டயர் ஆனப்புறம் வேற யார் யாரோ வந்தாங்க. 'பொண்ணு எங்க சார்?' 'வெளிய போயிருக்கா.' அவங்களும் டிக் பண்ணிட்டுப் போயிடுவாங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வாத்தியாரு மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்லலை, அவ்வளவுதான். ஒரு தடவைகூட அவ ஓட்டை யாரையும் போட விட்டதில்லை. பூத் ஏஜெண்டுங்க வந்து கேட்டாங்க, விரட்டியடிச்சேன்.

நடுவுல ஒரே ஒரு தடவை அவளைப் பாத்தேன். தொண்ணூத்தாறு பஞ்சாயத்து எலக்‌ஷன். எனக்குப் பக்கத்து ஒன்றியத்துல டூட்டி. போற வண்டியிலதான் சொன்னாங்க, அந்தப் பஞ்சாயத்து இந்தத் தடவை பொம்பளைங்களுக்கு ஒதுக்கினது, தலைவருக்கு நிக்கற குமுதவல்லி உங்க ஊர்ப் பொண்ணாமே சார்னு. இறங்கித் திரும்பிடலாமான்னு நினைச்சேன். டூட்டியை விட்டு எப்படி இறங்கறது? எனக்குக் குடுத்தது மை வைக்கற வேலை. காலையில இருந்து கை கையா வந்துக்கிட்டே இருந்துச்சு, நான் மூஞ்சியைப் பாக்கவே இல்லை. பத்தரை மணிக்கு ஒரு கை வந்துச்சு. காய்ப்புக் காய்ச்ச கை. ஆள்காட்டி விரல்ல நகம் பாதி பேர்ந்து ரத்தம் கட்டியிருந்துச்சு. அப்பவும் தெரிஞ்சுபோச்சு.

'அழுத்தாதீங்க சார், வலிக்கும்'னா.

முப்பத்தாறு வருஷத்துல அவ என்கிட்ட பேசினது அந்த மூணு வார்த்தைதான். நகமும் தோலும் சேர்ற இடத்துல அழுத்தி வைக்கணும்னு விதி. நான் தோல்ல மட்டும் லேசாத் தொட்டு வச்சேன். என் சர்வீஸ்ல நான் பண்ணின ஒரே தப்பு அதுதான். அவ போய் ஓட்டைப் போட்டுட்டுப் போயிட்டா. ஜெயிச்சுட்டா. அஞ்சு வருஷம் தலைவரா இருந்தா. அவ போட்ட ரோட்டு வழியாத்தான் திருவிழாவுக்கு பஸ் போகுது. நான் சுத்துவழி பஸ்ஸுலதான் போவேன்.

இப்ப சொல்லுங்க, அவ பேரை நான் எதுக்கு எடுக்கணும்? இறந்தவங்க பேரை எடுங்க, நியாயம். அவ இருக்கால்ல? இங்க இல்லைன்னு அவ வந்து சொல்லட்டும். இந்த வாசல்ல நின்னு, 'நான் இந்த வீட்டு ஆள் இல்லை'ன்னு ஒரு வார்த்தை. வேற எதுவும் பேச வேண்டாம். உள்ளகூட வர வேண்டாம். அப்ப போடறேன் கையெழுத்து.

என்ன? நான் போடலைன்னா அங்க எடுத்துடுவாங்களா? அவ ஊர்ல இருக்கற பேரையா? அது எப்படி? ரெண்டு இடத்துல இருந்தா ரெண்டையும் நிறுத்தி வைப்பாங்களா. வர்ற எலக்‌ஷன்ல அவளுக்கு ஓட்டே இருக்காதா. வெள்ளிக்கிழமை கடைசி நாளா.

அவ எழுதிக் குடுத்திருக்காளா? அங்க இருக்கறதா எழுதிட்டாளா, இங்க எடுக்கறதுக்கு மட்டும் அப்பாவைக் கேட்டுக்குங்கன்னாளா. அப்படியா சொன்னா? 'அப்பா'ங்கற அந்த வார்த்தையா? நீங்க கேட்டீங்களா, இல்லை அந்த ஊர்ப் பட்டியல் பாக்கற டீச்சர் சொன்னாங்களா? சரி.

இது எப்படிக் கண்டுபுடிச்சீங்க? குமுதவல்லின்னு ஆயிரம் பேர் இருப்பாங்க. அவ பேருக்குப் பக்கத்துல தனசீலன் பேர் இருக்கும், இங்க என் பேர் இருக்கு. எப்படி ஒண்ணாகும்? காட்டுங்க. இந்த எழுத்து எனக்குத் தெரியலை, கண்ணாடியைப் போட்டாலும் தெரியலை, நீங்களே படிங்க.

மறுபடியும் படிங்க.

கணவர் பெயர் இல்லையா. தந்தை பெயர் வேதாசலமா. அங்க பதிஞ்ச நாள்ல இருந்தே அப்படித்தான் இருக்கா? இடையில மாத்தினது இல்லையே? கல்யாணம் ஆன பொம்பளைங்க யாரும்மா அப்பா பேரைப் போடறாங்க, நீங்க போட்டிருக்கீங்களா? சோம்பேறித்தனமா இருக்கும். மாத்தறதுக்கு அலையணும்னு விட்டிருப்பா. வேற என்ன இருக்கப்போகுது. இருங்க, தண்ணி குடிச்சிக்கறேன்.

படிவத்தைக் குடுங்க. எங்க போடணும், இங்கயா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதுவீங்க? தானாப் போனான்னு எழுதுங்க. யாரும் கூட்டிட்டுப் போகலை. மேஜர் ஆகறதுக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு, ஆனா தானாத்தான் போனா. அதுக்கு இடம் இல்லையா? 'குடிபெயர்ந்தார்'னுதான் இருக்கா? சரி, அதையே டிக் பண்ணுங்க.

போட்டாச்சு. கோணலா இருக்கு, பரவாயில்லை, செல்லும். இப்ப இந்த வீட்டைப் படிச்சுக் காட்டுங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டணும்மா, அதுதான் முறை.

ம். வேதாசலம், எண்பத்திமூணு.

அவ்வளவுதானே. சரியா இருக்கு.